பொடி எழுத்தைப் படித்துக் காட்டிய அத்திம்பேர்

மூன்று வாரத்துக்கு முன்னால், கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பழக்கடை வைத்திருக்கும் செல்லத்துரை அண்ணாச்சி என்னைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"எக்கா, ஒங்க அக்கா வீட்டு மேனேஜர் ஐயா நடிக்காராமே? நெசந்தானா?"

"நிஜம்தான் அண்ணாச்சி."

"என்ன படம்?"

"படம் இல்லை, விளம்பரம். கிரிப்டோ விளம்பரம்."

அண்ணாச்சி கையில் இருந்த ரசகதலிச் சீப்பைத் தராசில் வைக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது எந்த ஊரு நகைக்கடை?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா வீடு இருக்கிற ஸ்ரீவராகம் போய்ச் சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆனால், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்... உங்களில் எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரியும்? எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அதற்கு விளம்பரம் எழுதினேன். அந்தக் கூத்துதான் இந்த வாரச் சங்கதி.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதுகிறவள் நான். பல்பொடி, பட்டுப்புடவை, முட்டுவலித் தைலம் — எது வந்தாலும் எழுதுவேன். இரண்டு மாதம் முன்பு ஒரு கிரிப்டோ கம்பெனி வந்தது. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களிடம் வக்கீல் இருக்கிறார். என்னிடம் இந்தப் பத்தி மட்டும்தான் இருக்கிறது.

அவர்களுக்கு சினிமா நட்சத்திரம் வேண்டாமாம். "மேடம், நம்பகமான ஒரு முகம் வேணும். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மாதிரி. வேட்டி, விபூதி. பார்த்த உடனே பணத்தைக் கையில குடுத்துடணும்னு தோணணும்" என்றார் டைரக்டர் பிரசாந்த். சென்னைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் ஏதாவது ஓர் அவசரத்தில் இருப்பார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருந்ததா? "எங்க அத்திம்பேரே ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்தான்" என்று சொல்லிவிட்டேன்.

ஹரிஹரன் அத்திம்பேர் — என் அக்காவின் கணவர் — முப்பத்தெட்டு வருஷம் பேங்கில் இருந்தவர். அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் மேலே சொல்ல முடியும். பேங்கில் கடன் வாங்குபவர் இங்கிலீஷ் தெரியாதவராக இருந்தால், பத்திரத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: இதில் உள்ளதை அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டி விளக்கினேன், என்று. அதிகாரி அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் எல்லா அதிகாரிகளும் போடுவார்கள். இரண்டு விநாடி வேலை.

அத்திம்பேர் நிஜமாகவே படித்துக் காட்டுவார்.

மலைப்பக்கம் வித்துராவில் அவர் மேனேஜராக இருந்தபோது எஸ்டேட் ஆட்கள் கடன் கேட்டு வருவார்கள். தமிழ்க்காரர்களுக்குத் தமிழில், மலையாளிகளுக்கு மலையாளத்தில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் "மனசிலாச்சா?" என்று கேட்பார். தலையாட்டினால் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. வரிசை நடுரோடு வரை போகும். வரிசையில் நிற்பவர்கள் இடம் பிடித்து வைத்துவிட்டு, டீ குடித்து, முடிவெட்டிக்கொண்டு வருவார்களாம். இதனாலேயே பெரிய ஆபீஸில் அவரை யாருக்கும் பிடிக்காது.

ஆனால் எங்கள் தெருக்களில்? அத்திம்பேர் போடு என்றால் போடுவார்கள். எடு என்றால் எடுப்பார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அக்கா பயந்தது இதற்குத்தான். செய்தியைக் கேட்டதும் கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

"நீ எழுதற தைலம் பொடி மாதிரியோ இது? இவர் சொன்னா இந்தத் தெருவே போடும்டீ. நாளைக்கு அந்தப் பணம் போச்சுன்னா, நாங்க ஆர் மூஞ்சில முழிக்கறது? இத்தனை வருஷமா இவர் சம்பாதிச்சது இந்தப் பேர் ஒண்ணுதான், கேட்டியோ!"

நியாயமான பயம். நான் அத்திம்பேரைப் பார்த்தேன். அத்திம்பேர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேக்கப் உண்டோ?" என்றார்.

அறுபத்தாறு வயசில் ஒரு மனுஷனுக்கு இப்படி ஓர் ஆசை ஒளிந்திருக்கும் என்று யார் கண்டார்கள்! பாஸ்போர்ட் போட்டோ தவிர வேறு எதற்கும் போஸ் கொடுத்திராதவர். ஆனாலும் மேனேஜர் மேனேஜர்தான். ஆசையை ஓரமாக வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"இது சட்டவிரோதமோ?"

"இல்லை அத்திம்பேர்."

"அப்போ சட்டம் ஒத்துண்டதாக்கும்?"

"அப்படியும்... சொல்ல முடியாது."

"வரி உண்டோ?"

"பேஷா உண்டு. லாபத்துல முப்பது சதவீதம்."

"நஷ்டம் வந்தா வேற வருமானத்துல கழிச்சுக்கலாமோ?"

"அது முடியாது."

அத்திம்பேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாபம் வந்தா சர்க்காருக்குப் பங்கு. நஷ்டம் வந்தா நமக்கு மட்டும். அதாக்கும் விஷயம்?"

அதேதான் விஷயம். மருமகளை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாமியார், அவள் கொண்டுவந்த சீரை மட்டும் எண்ணி உள்ளே வைத்துக்கொள்வாள் இல்லையா? நம் நாட்டில் கிரிப்டோவின் நிலைமை இப்போதைக்கு அப்படித்தான். விளம்பரத்தின் கதை இன்னும் வேடிக்கை. விற்பது கிரிப்டோ கரன்சி. ஆனால் விளம்பரத்தில் கரன்சி என்ற சொல்லே வரக்கூடாது. விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி அது. இன்னொரு விதி, கடைசியில் எச்சரிக்கை கட்டாயம் வர வேண்டும். அதுவும் கடகடவென்று ஓட்டக்கூடாது, சாதாரணமாகப் பேசும் வேகத்தில் சொல்ல வேண்டும்.

அத்திம்பேரின் காது நிமிர்ந்தது. "அந்த எச்சரிக்கையை ஆர் வாசிக்கறது?"

"நீங்கதான்."

"அப்படின்னா செரி. ஒத்துண்டேன்னு சொல்லிடு."

ஷூட்டிங் அக்கா வீட்டு ஹாலில். காலை எட்டு மணிக்கே விளக்குகள், குடை, ஒயர் என்று வீடு கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. மேக்கப்காரர் விபூதியின் மேலேயே பவுடரைப் பூசிவிட, அத்திம்பேர் மறுபடி விபூதி இட்டுக்கொள்ள, அவர் மறுபடி பூச... நாலு தடவை நடந்தது. கையில் ஒரு காலி டம்ளரைக் கொடுத்துக் குடிக்கிற மாதிரி நடிக்கச் சொன்னார்கள். காப்பி இல்லாமல் காப்பி குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே காப்பி போட்டாள். ஒன்பது டம்ளர்.

ஜன்னலுக்கு வெளியே தெருவே கூடிவிட்டது. முன்வரிசையில் எதிர்வீட்டுப் பார்வதி மாமி. எழுபத்து நாலு வயசு, தனியாக இருக்கிறார். வீட்டிலிருந்து மடக்கு நாற்காலியே கொண்டுவந்துவிட்டார்.

வசனம் அடியேன். "முப்பத்தெட்டு வருஷம் உங்க சேமிப்பைப் பாத்துண்டவன் சொல்றேன். காலம் மாறிடுத்து. ஒரே ஒரு தட்டு... உங்க நாளை, உங்க விரல்நுனியில்!" — இதை அத்திம்பேர் பள்ளிக்கூடத்துப் பையன் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

பிறகு எச்சரிக்கை வந்தது. குரல் மாறியது. முதுகு நிமிர்ந்தது. பேங்க் திறந்துவிட்டது!

"இந்த முதலீடு எந்த ஒழுங்குமுறைக்கும் உட்பட்டதல்ல. இதில் ஆபத்து மிக அதிகம். நஷ்டம் ஏற்பட்டால் முறையிட வழி இல்லாமல் போகலாம்." நிறுத்தினார். காமிராவை நேராகப் பார்த்தார். "மனசிலாச்சா?"

"கட்!" என்றார் பிரசாந்த். "சூப்பர் சார். அந்த கடைசி வார்த்தை ஸ்கிரிப்ட்ல இல்ல சார். அப்புறம் அந்த வார்னிங் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடலாம்."

"நார்மல் வேகம்னு ரூல் இருக்கே?"

"நார்மல்தான் சார். கொஞ்சம் வேகமான நார்மல்."

இரண்டாவது டேக். அத்திம்பேர் எச்சரிக்கையைப் படித்தார். விளக்கவும் செய்தார். "அதாவது, பணம் போச்சுன்னா பராதி சொல்றதுக்கு ஒரு கவுண்டர் கிடையாது. மேனேஜர் கிடையாது. என்னைத் தேடி இங்கே வரலாம், காப்பி கிட்டும். பணம் கிட்டாது."

"கட்!"

மூன்று. நாலு. ஐந்து. விளக்கம் நீண்டுகொண்டே போனது. ஏழாவது டேக்கில் காமிராவை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"மாமி, எங்கே, நீங்க திருப்பிச் சொல்லுங்கோ."

பார்வதி மாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போனா போனதுதான்."

"ஆர்கிட்ட போய்க் கேக்கலாம்?"

"ஆர்கிட்டயும் கேக்க முடியாது!"

"பேஷ்! பின்னே, லாபம் வந்தா?"

"சர்க்கார் வந்துடுவான்!"

தெருவே கை தட்டியது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்துவிட்டேன். லைட்டைப் பிடித்திருந்தவர் குலுங்கியதில் ஹால் முழுக்க வெளிச்சம் ஆடியது. பிரசாந்த் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காமிரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பேக்கப் சொல்லிக் கிளம்பும்போது பிரசாந்த் பதினாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டி, "கையெழுத்து சார். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார்.

அத்திம்பேரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? "படிச்சுட்டுத் தரேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். இந்த லட்சணத்தில் விளம்பரமாவது, வெளிவருவதாவது! அன்றைக்குப் பாலடைப் பிரதமன் வைத்தாள். நான் இரண்டு கப் குடித்தேன்.

மூன்றாம் நாள் பிரசாந்த் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"மேடம், சான்ஸே இல்ல! எங்க பாஸ் மொத்த ஃபுட்டேஜையும் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க — இவ்ளோ நேர்மையா சொல்ற கம்பெனியை எப்படி நம்பாம இருக்கிறதுன்னு. அந்த வார்னிங்தான் மேடம் ஆட்! அப்படியே போடறோம். சாருக்கு டபுள் பேமென்ட்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் பார்வதி மாமி.

"ராஜி, போன்ல வெச்சுக்கற அந்த ஆப்புக்குப் பேர் என்னடீ?"

"எதுக்கு மாமி?"

"சிங்க மாசம் பொறந்தா என் ஃபிக்ஸட் டெபாசிட் முடியறது. மாமா போனப்போ கிட்டின பணமாக்கும். அதை இதுல போடலாம்னு..."

"மாமி! போனா போனதுதான்னு நீங்கதானே சொன்னேள்? தெருவே கேட்டுதே!"

"சொன்னேன். அதுக்கென்ன? கள்ளனாயிருந்தா இப்படித் தொறந்து சொல்லுவானோ? அதுவும் ஹரிஹரன் வாயால?"

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இது எனக்கு உறைத்ததே இல்லை. எச்சரிக்கை எச்சரிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கே எச்சரிக்கிறது? சிகரெட் அட்டையில் அத்தனை பெரிய படம் போட்டும் வாங்குகிறவர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். என்ன சொல்கிறார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. யார் சொல்கிறார் என்று பார்க்கிறோம், பார்த்து முடித்ததும் காதை மூடிக்கொள்கிறோம். பொடி எழுத்தில் போட்டால் படிக்க மாட்டோம். கொட்டை எழுத்தில் போட்டால், அடடா என்ன நேர்மை என்று மெய் மறந்துவிடுவோம்!

அத்திம்பேரிடம் ஓடினேன். பிரசாந்த் சொன்னது, மாமி சொன்னது, இரண்டையும் கொட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"அப்போ நான் படிச்சுக் காட்டினது தப்போ?" என்றார்.

ஒப்பந்தத்தை எடுத்தார். ஒன்பதாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். இந்தத் திட்டத்தைத் தாமே நன்றாக விசாரித்து, திருப்தி அடைந்து, நம்பித்தான் சிபாரிசு செய்கிறேன் என்று நடிப்பவர் ஒப்புக்கொள்ளும் வரி. பிரசாந்துக்குப் போன் போட்டார். அந்த வரியை இங்கிலீஷில் படித்தார். தமிழில் சொன்னார். விளக்கினார். பிறகு கேட்டார், "மனசிலாச்சா?"

மறுமுனையில் குரல் இறங்கியது. "...மனசிலாச்சு சார்." கையெழுத்து இல்லாமல் படத்தை வெளியிட முடியாது. விளம்பரம் அங்கேயே படுத்துவிட்டது. எனக்கு வர வேண்டிய பணமும்தான்... போகட்டும்!

கம்பெனி ஒழிந்தது. ஆனால் மாமி? மாமி ஏற்கெனவே பேரனைக் கூப்பிட்டு ஆப்பை இறக்கி வைத்தாயிற்று. சிங்கம், அதாவது ஆவணி, பிறக்க நாலு நாள்.

"இன்னொரு தரம் போய் வேண்டாம்னு அழுத்திச் சொல்லுங்கோ" என்றேன்.

"சொன்னா என்னாகும் தெரியுமோ? எத்தனை அக்கறைன்னு சொல்லி, நகையையும் வித்துப் போடுவா" என்றார் அத்திம்பேர். ஹாலில் இரண்டு தடவை நடந்தார். சட்டென்று நின்றார். "நீ எழுதின வசனம் இருக்கோல்லியோ? அதை எடு."

அன்று மாலை நானும் கூடப் போனேன். பார்வதி மாமி வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார் அத்திம்பேர். கைகளைத் தேய்த்துக்கொண்டார். என் வசனத்தை, ஷூட்டிங்கில் வராத அத்தனை ஏற்ற இறக்கத்தோடும் எடுத்துவிட்டார் பாருங்கள்!

"மாமி! காலம் மாறிடுத்து! ஒரே ஒரு தட்டு... உங்க நாளை, உங்க விரல்நுனியில்! ரிஸ்க்கா? அதெல்லாம் சும்மா சொல்றது. ஒரு கொழப்பமும் வராது. டெபாசிட் மொத்தத்தையும் இன்னைக்கே போட்டுடலாம். கையிருப்பு வேற ஏதாவது உண்டோ?"

மாமியின் முகம் சுருங்கியது. "இந்த ஆப்புல என்னமோ நீளமா எழுதியிருக்கே ஹரிஹரா... அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

அத்திம்பேரின் காது மடல் சிவந்தது. ஒரு விநாடி தடுமாறினார்.

"அதெல்லாம் படிக்க வேண்டாம் மாமி. ஆர் படிக்கறா? கீழே 'சம்மதம்'னு இருக்கு பாருங்கோ, அதைத் தட்டுங்கோ."

மாமி போனை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"படிக்க வேண்டாம்னு... நீயா சொல்றே?"

"ஆமாம்."

"உனக்கு இதுல என்ன கிட்டும்?"

"ஏதோ, கொஞ்சம் கிட்டும்" என்றார் அத்திம்பேர், தரையைப் பார்த்தபடி.

மாமி எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்தார். காப்பி கேட்கவில்லை. ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டிலிருந்து காப்பி குடிக்காமல் வெளியே வந்தது அத்திம்பேருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அக்காவும் நானும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். சிரித்துச் சிரித்து அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே சொன்னாள், "முப்பத்தெட்டு வருஷமா சேத்து வெச்ச பேரு. ஒரே சாயங்காலத்துல செலவழிச்சுட்டு வந்து நிக்கறார் பாரு." அப்போது அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அத்திம்பேருக்கு இரண்டாவது தடவை காப்பி கொடுத்தாள். கேட்காமலே.

மறுநாளே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மேனேஜருக்கு இந்த வயசில் கமிஷன் ஆசை வந்துவிட்டதாம். எனக்குப் பொறுக்கவில்லை, எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தேன். டெபாசிட் புதுப்பிக்கிறவரை மூச்சு விடக்கூடாது என்று அத்திம்பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தத் திங்கட்கிழமை புதுப்பித்தாயிற்று. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ரசீதை மாமியே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "நல்ல வேளைடீ ராஜி, உன் அத்திம்பேர் பேச்சைக் கேக்கலை. பேங்க்ல குடுத்த ஃபாரத்தை ஒரு வரி விடாம நானே படிச்சேன். புரியாத எடத்துல அந்த ஆபீசரைப் பிடிச்சு நிறுத்திக் கேட்டேன். பின்னாடி இருந்தவா எல்லாம் சத்தம் போட்டா... போடட்டுமே! இனிமே ஆர் சொன்னாலும் நம்பறதா இல்லை."

ஒரு வார்த்தை விடாமல் அத்திம்பேரிடம் போய்ச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். போய்ப் படுத்தார், ஐந்து நிமிடத்தில் குறட்டை.

ஏமாற்றுக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிற ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை!